வல்லூறு எந்த வீட்டுப் பிள்ளை?

வேப்பமரக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்து, திடீரென்று கீழே பாய்ந்து ஓணானைக் கவ்விக்கொண்டு போகும் சின்ன வேட்டைப் பறவையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கம் அதை வல்லூறு என்போம். வைரி என்று சொல்பவர்களும் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களில் அது ஷிக்ரா. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தபோதும், பிறகு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வந்தபோதும் அதன் அறிவியல் பெயர் ‘அக்சிபிட்டர் பேடியஸ்’. 2024 அக்டோபரில், உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் இ-பேர்ட் தன் பெயர்ப் பட்டியலைப் புதுப்பித்தது. அன்று முதல் அது ‘டாக்கிஸ்பைசா பேடியா’.

அடுத்து வந்த பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் என் மாணவிகள் செல்போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். “மேடம், இது வேற பறவையா?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கேட்டது கொஞ்சம் கடுமையான கேள்வி. “பழைய பேரு தப்புன்னா, இத்தனை வருஷம் எல்லாரும் தப்பாவா படிச்சோம்?” அந்தக் கேள்விக்கு மரத்தடியில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. பெயர் மாறியதன் பின்னால் 260 ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் இலங்கையும் சென்னையும்கூட வருகின்றன.

முதலில் பறவையைச் சரியாகப் பார்த்துவிடுவோம். வல்லூறு அளவில் ஒரு புறாதான். வளர்ந்த பறவைக்கு முதுகு சாம்பல் நிறம். நெஞ்சிலும் வயிற்றிலும் மங்கலான செம்பழுப்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். ஆணின் கண் நல்ல சிவப்பு. பெண்ணின் கண் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவை பார்வைக்கு வேறாக இருக்கும்: முதுகு பழுப்பு, நெஞ்சில் குறுக்குக் கோடுகளுக்குப் பதிலாக நெடுக்கில் சொட்டுச் சொட்டான திட்டுகள். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் இரண்டு பறவைகளாகக் குறித்துக்கொண்டு வருவது வழக்கம். பறக்கும்போது நாலைந்து முறை வேகமாகச் சிறகடித்து, பிறகு சற்றுத் தூரம் சிறகை விரித்தபடி சறுக்கிப் போகும். குட்டையான வட்டச் சிறகு, நீளமான வால். மரக்கிளைகளுக்கு நடுவே சட்டென்று திரும்பி இரையைத் துரத்துவதற்கு இந்த உடலமைப்பு பொருத்தமாக இருக்கிறது.

இந்தப் பறவைக்கு மற்றவை பயப்படுவதைக் கவனித்தாலே இது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அணில்கள் விடாமல் கத்தும். தவிட்டுக் குருவிக் கூட்டம் புதருக்குள் ஓடும். கரிச்சான் குருவி வல்லூற்றின் குரலைப் போலவே கத்தி, தரையில் மேயும் மைனாக்களை விரட்டிவிட்டு அவை விட்டுப்போன தீனியை எடுத்துக்கொள்வதையும் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அக்காக்குயில் இன்னும் ஒரு படி மேலே போய் உருவத்திலேயே வல்லூறு மாதிரி இருக்கிறது. தவிட்டுக் குருவியின் கூட்டில் முட்டையிடுகிற பறவை அது.

இனிப் பெயருக்கு வருகிறேன். ஓர் உயிருக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை விலங்குகளுக்கு முழுமையாகக் கொண்டுவந்தவர் சுவீடனின் லின்னேயஸ். விலங்குப் பெயர்களின் கணக்கு 1758இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருந்தே தொடங்குகிறது. முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். லின்னேயஸுக்குக் கழுகு, பருந்து, பைரி எல்லாமே ‘ஃபால்கோ’ என்ற ஒரே பேரினம். கூரிய அலகும் வளைந்த நகமும் இருந்தால் போதும், உள்ளே சேர்த்துக்கொண்டார். ஐரோப்பியக் காடுகளில் குருவி பிடிக்கும் சின்னப் பருந்துக்கு ‘ஃபால்கோ நைசஸ்’ என்று பெயரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1760இல், பிரான்சின் பிரிஸ்ஸோன் அந்தக் குருவிப்பருந்தை மையமாக வைத்து ‘அக்சிபிட்டர்’ என்று ஒரு தனிப் பேரினத்தை உண்டாக்கினார். குருவிப்பருந்துதான் மையம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் நடந்தது புரிய அது வேண்டும்.

நம் வல்லூறு அறிவியலின் ஏட்டில் ஏறியது இலங்கை வழியாக. 1752 முதல் 1757 வரை டச்சு இலங்கையின் ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டனுக்கு இயற்கையின் மேல் தீராத ஆர்வம். பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக்கொண்டு தீவின் பறவைகளை வரைய வைத்தார். லோட்டனின் பெயரைத் தாங்கிய தேன்சிட்டு ஒன்று இன்றும் நம் தோட்டங்களில் பறக்கிறது. லோட்டனின் ஓவியச் சேகரிப்பு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பீட்டர் பிரவுன் என்ற ஓவியர் 1776இல் லண்டனில் வெளியிட்ட விலங்கியல் படப் புத்தகத்தில், இலங்கையில் இருந்து வந்த ஒரு ‘பழுப்புப் பருந்து’ இடம்பெற்றது. 1788இல் ஜெர்மனியின் க்மெலின், லின்னேயஸின் புத்தகத்தை விரித்துப் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தபோது, பிரவுனின் அந்தப் பக்கத்தை ஆதாரமாகக் கொண்டு ‘ஃபால்கோ பேடியஸ்’ என்று எழுதினார். பேடியஸ் என்றால் பழுப்பு. வளர்ந்த வல்லூறு சாம்பல் நிறம் என்று சற்று முன்னால்தான் சொன்னேன். ஆனாலும் அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது. பெயர் பொருத்தமாக இல்லை என்பதற்காக அதை மாற்ற விதியில் இடமில்லை.

முதல் சொல்தான் இடம் மாறிக்கொண்டே இருந்தது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, தென்னிந்தியப் பறவைகளைக் காடுகாடாக அலைந்து பதிவு செய்த ஜெர்டன், 1862இல் வெளிவந்த தம் ‘இந்தியப் பறவைகள்’ நூலில் இதை ‘மைக்ரோநைசஸ் பேடியஸ்’ என்று எழுதினார். 1895இல் பிளான்ஃபோர்டு எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியில் இது ‘அஸ்டூர் பேடியஸ்’. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டும்போது ‘அக்சிபிட்டர் பேடியஸ்’ ஆகியிருந்தது. சாலிம் அலியும் ரிப்ளேயும் சேர்ந்து எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1968இல் வந்தபோது அந்தப் பெயர் உறுதிப்பட்டுவிட்டது. என் தலைமுறை படித்தது அதைத்தான்.

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. அதற்குள் பாடம் செய்த பறவைகள் நிற்கின்றன. கதவைத் திறந்தால் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். இரண்டாவது தட்டில் ஒரு பெண் வல்லூறு. ஒரு கண்ணாடிக் கண் கழன்று போய்விட்டது, வாலில் ஓர் இறகு ஒடிந்திருக்கிறது. அதன் மரப்பீடத்தில் தட்டச்சு செய்த சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும்: அக்சிபிட்டர் பேடியஸ். ஈரப்பதத்தில் அந்தச் சீட்டின் ஓரம் எழும்பியபோது அடியில் இன்னொரு சீட்டு தெரிந்தது. பழுப்பேறிய காகிதம், தொட்டெழுதும் பேனாவில் எழுதிய சாய்ந்த எழுத்து: அஸ்டூர் பேடியஸ். கீழே, பறவை கிடைத்த ஊர் சேரன்மகாதேவி என்று குறிப்பு. மேல் சீட்டில் அந்த ஊர்ப்பெயர் இல்லை. தட்டச்சு செய்தவர் அதை அவசியம் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. அந்த இரண்டு சீட்டையும் வைத்துத்தான் என் மாணவிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

பிளான்ஃபோர்டு எதை வைத்து இதை அஸ்டூரில் போட்டார்? காலையும் விரலையும் வைத்து. அந்தக் காலத்தில் இந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மெல்லிய நீண்ட காலும், மற்ற விரல்களைவிட மிக நீண்ட நடுவிரலும் இருந்தால் அக்சிபிட்டர். கால் தடித்து, நடுவிரல் குட்டையாக இருந்தால் அஸ்டூர், அதாவது கோஸ்ஹாக் என்ற பெரிய பருந்தின் கூட்டம். அலமாரியில் நிற்கும் வல்லூற்றின் காலை அருகில் போய்ப் பாருங்கள், அவர் சொன்னது புரியும். விரல்கள் கட்டையாக, பிடிப்பாக இருக்கின்றன. ஓணான், எலி, அணில் குட்டி, வெட்டுக்கிளி என்று தரையில் அகப்படுவதையெல்லாம் அமுக்கிப் பிடிக்கிற கால் அது. மேற்குத்தொடர்ச்சி மலையில் வாழும் பெஸ்ரா என்ற பறவை நிறத்திலும் அளவிலும் வல்லூற்றுக்குத் தம்பி போல இருக்கும். தொண்டையில் நடுவே ஓடும் தடித்த கருங்கோட்டை வைத்துத்தான் பிரித்தறிவோம். ஆனால் அதன் நடுவிரல் நீண்டு மெலிந்தது. பறந்துகொண்டிருக்கும் குருவியை இறகோடு சேர்த்து வளைத்துப் பிடிக்க அந்த விரல் வேண்டும். அதனால் பெஸ்ராவை அக்சிபிட்டரிலும், வல்லூற்றை அஸ்டூரிலும் பிளான்ஃபோர்டு வைத்தார். அவர் கையில் இருந்த சான்றுகளுக்கு அது நேர்மையான முடிவு.

ஆனால் கால் காட்டுவது பறவை எதைத் தின்கிறது என்பதை. அது எந்த வழியில் பிறந்தது என்பதைக் கால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உலகம் முழுவதும் இருந்து புதிய இனங்கள் வந்து சேரச்சேர, நடுவிரல் நீளமா குட்டையா என்று சொல்ல முடியாத இடைப்பட்ட பறவைகள் நிறைய வந்தன. எல்லையை எங்கே போடுவது என்று தெரியாமல், கடைசியில் அஸ்டூர் என்ற பெயரையே கைவிட்டு எல்லாவற்றையும் அக்சிபிட்டருக்குள் சேர்த்தார்கள். ஏறக்குறைய 50 இனங்கள். பகல்நேர வேட்டைப் பறவைகளில் இவ்வளவு பெரிய பேரினம் வேறு கிடையாது. குட்டைச் சிறகும் நெடுவாலும் கொண்டு மரங்களுக்கு நடுவே வேட்டையாடுகிறதா, சரி, அது அக்சிபிட்டர். பல தலைமுறைக்கு அந்த வரையறை போதுமானதாக இருந்தது.

பூனைப்பருந்துதான் அதை உடைத்தது. ஆங்கிலத்தில் ஹாரியர். மழை முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும் மாதங்களில் கூந்தன்குளம் போன்ற இடங்களுக்குப் போனால் சேற்றுப் பூனைப்பருந்தைப் பார்க்கலாம். நீண்ட சிறகை வி வடிவத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோரைக்கும் நெற்பயிருக்கும் மேலே தாழ்வாக, அவசரமில்லாமல் போய்த் திரும்பி வரும். ஆந்தைக்கு இருப்பது போன்ற முகவட்டம் இதற்கும் கொஞ்சம் உண்டு. புல்லுக்குள் எலி நடமாடும் ஓசையைக் கேட்டே பிடித்துவிடும். தரையில் கூடு கட்டும். ‘சர்கஸ்’ என்பது இவற்றின் பேரினம். பார்வையிலும் பழக்கத்திலும் வல்லூற்றுக்கும் இதற்கும் எந்த ஒட்டும் இல்லை என்றுதான் யாருமே சொல்வார்கள்.

மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகு, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, இந்தப் பூனைப்பருந்துகள் அக்சிபிட்டர் கூட்டத்துக்கு உள்ளேயே வந்து விழுந்தன. பெரிய கோஸ்ஹாக்குக்கு நெருங்கிய சொந்தம் குருவிப்பருந்து இல்லை, பூனைப்பருந்துதான் என்று ஆய்வுக்குப் பின் ஆய்வு சொன்னது. பேரினம் என்ற சொல்லுக்கு இன்று உயிரியலில் முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது: ஒரு மூதாதையின் வாரிசுகள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும், யாரையும் வெளியே விடக்கூடாது. அப்படியானால் அக்சிபிட்டர் என்ற பேரினமே செல்லாது. பூனைப்பருந்துகளை வெளியே நிறுத்திவிட்டு, அவற்றைவிடத் தூரத்துச் சொந்தங்களை உள்ளே வைத்திருந்த பேரினம் அது. தென்னமெரிக்காவின் குட்டிப் பருந்துகள் இரண்டு இந்தக் கூட்டத்துக்குச் சொந்தமே இல்லை என்றும் தெரியவந்தது. 2021இல் அவற்றுக்கு ‘மைக்ரோஸ்பைசியாஸ்’ என்று புதுப் பேரினமே உண்டாக்கினார்கள்.

தெரிந்த பிறகும் உடனே பெயரை மாற்றவில்லை. அதை நான் மதிக்கிறேன். சில மரபணுக்களை மட்டும் வைத்து 50 பறவைகளின் பெயரை மாற்றிவிட்டு, அடுத்த ஆய்வில் திரும்பவும் மாற்ற வேண்டி வந்தால் உலகம் முழுக்கக் குழப்பம்தான். 2024இல் தெரீஸ் காட்டனாக், மேத்யூ ஹாலி, ஸ்டேசி பிர்ரோ மூவரும் லண்டன் லின்னேயச் சங்கத்தின் உயிரியல் இதழில் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். உயிரினங்களின் மரபணுத் தொகுதியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஏறத்தாழ மாறாமல் இருக்கும் சிறு பகுதிகள் உண்டு. அவற்றை அடையாளக் கற்களாக வைத்துக்கொண்டு, அவற்றின் இருபுறமும் இருக்கிற, மெல்ல மாறிக்கொண்டு வரும் எழுத்துகளை இனத்துக்கு இனம் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த முறை. அப்படிப்பட்ட ஏராளமான இடங்களை ஒருசேரப் படிக்கும்போது, யாருக்கு யார் சொந்தம் என்பது தெளிவாகிவிடுகிறது.

வந்த பிரச்சினைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பூனைப்பருந்துகளையும் அக்சிபிட்டருக்குள் இழுத்துக்கொள்வது. ‘அக்சிபிட்டர்’ 1760இல் வந்த பெயர், ‘சர்கஸ்’ 1799இல் வந்தது; மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் பூனைப்பருந்துகள் தங்கள் பெயரை இழந்திருக்கும். ஏறத்தாழ 65 இனங்கள் கொண்ட, ஒன்றுக்கொன்று முகச்சாடையே இல்லாத ஒரு பேரினம் உருவாகியிருக்கும். இன்னொரு வழி, அக்சிபிட்டரைக் கிளை கிளையாகப் பிரிப்பது. பிரிப்பதே சரி என்று முடிவானது. என் அறிவுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரு பெயரைக் கேட்டதும் பறவையைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டும். கோரைக்கு மேல் மிதப்பதும் மரத்தில் பதுங்குவதும் ஒரே பெயருக்குள் அடங்கினால் அந்தப் பெயரால் கற்பவருக்குப் பயன் குறைவு.

பிரித்தபோது ‘அக்சிபிட்டர்’ என்ற பெயர் யாருக்குப் போயிருக்க வேண்டும்? எண்ணிக்கையில் பெரிய கிளைக்கா? நாம் கண்ணால் அதிகம் பார்க்கும் பறவைக்கா? விதி அப்படி இல்லை. பாகப்பிரிவினை நடக்கும்போது குலதெய்வக் கோயில் எந்தப் பங்காளியின் மனையில் நிற்கிறதோ அவரோடுதான் நிற்கும், அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு பேரினத்துக்கும் அப்படி ஓர் இனம் நிலையாக இருக்கிறது; அதை மாதிரி இனம் என்பார்கள். அக்சிபிட்டருக்கு அது 1760இல் பிரிஸ்ஸோன் மையமாக வைத்த ஐரோப்பியக் குருவிப்பருந்து. அது இருக்கும் கிளைக்கே அந்தப் பெயர். வல்லூறு இருக்கும் கிளை எண்ணிக்கையில் அதைவிட மிகப் பெரியது. ஆனாலும் பெயரை விட்டுவிட்டு அதுதான் வெளியேற வேண்டியிருந்தது.

வெளியேறிய கிளைகளுக்குப் புதுப் பெயர் தேட வேண்டிய அவசியம் வரவில்லை என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் யோஹான் யாகோப் காவுப் என்றொரு விலங்கியலாளர் இருந்தார். யானையின் தொல்லுறவான டைனோதீரியத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. 1844இல் பாலூட்டிகளையும் பறவைகளையும் வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். இயற்கை தன் உயிர்களை ஐந்து ஐந்தாக அடுக்கியிருக்கிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்த ஐந்தின் கணக்குக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 15 ஆண்டுகள் கழித்து டார்வினின் நூல் வந்த பிறகு அந்தக் கொள்கையைப் பேசுவாரும் இல்லாமல் போனார்கள். ஆனால் அந்த நூலில் அவர் பருந்துகளுக்குச் சூட்டிய பெயர்கள் விதிப்படி செல்லுபடியாகும் பெயர்கள். பெரும்பாலும் யாரும் பயன்படுத்தாமல் நெடுங்காலம் அப்படியே கிடந்தன. கிழக்காசியாவில் வாழும் சீனக் குருவிப்பருந்தை மாதிரி இனமாக வைத்து அவர் உண்டாக்கிய பேரினம்தான் ‘டாக்கிஸ்பைசா’. அந்தச் சீனக் குருவிப்பருந்தும் நம் வல்லூறும் ஒரே கிளை என்று மரபணு காட்டியதும், விதி காவுப்பின் பெயரைத்தான் எடுக்கச் சொன்னது. கொண்டையுள்ள காட்டுப் பருந்துக்கு அவர் அதே 1844இல் வைத்த ‘லோஃபோஸ்பைசா’வும் மீண்டு வந்தது. கோஸ்ஹாக் கூட்டத்துக்கு, 1799இல் லாசெபேட் வைத்து, பிளான்ஃபோர்டு பயன்படுத்தி, பிறகு எல்லாரும் கைவிட்ட ‘அஸ்டூர்’ திரும்பக் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் சில பறவைகளுக்கு 1922இல் ராபர்ட்ஸ் வைத்த ‘ஏரோஸ்பைசா’.

பேடியஸ் ஏன் பேடியா ஆனது என்று மாணவிகள் கேட்டார்கள். லத்தீனில் பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. அதைச் சிறப்பிக்கும் சொல் அதற்கு இசைந்து வர வேண்டும். அக்சிபிட்டர் ஆண்பால், டாக்கிஸ்பைசா பெண்பால். பறவை ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பெஸ்ரா ‘விர்கேட்டஸ்’ஆக இருந்து ‘விர்கேட்டா’ ஆனதும் இப்படித்தான்.

ஆக, நம் பக்கத்துக் கணக்கு இப்போது இது. வல்லூறும் பெஸ்ராவும் இரண்டுமே டாக்கிஸ்பைசா. பிளான்ஃபோர்டு விரலைப் பார்த்துப் பிரித்துவைத்த அந்த இரண்டும் கடைசியில் ஒரே கிளைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதுவும் அவர் வைத்த இரண்டு பேரினங்களில் எதிலுமே இல்லை. களக்காடு, முண்டந்துறை போன்ற மலைக்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் கொண்டைப் பருந்து லோஃபோஸ்பைசா. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் குருவிப்பருந்து மட்டும் பழையபடி அக்சிபிட்டர் நைசஸ். நிக்கோபார் தீவுகளில் மட்டுமே வாழ்கிற, 1898இல் கர்னி பெயரிட்ட நிக்கோபார் குருவிப்பருந்தும் டாக்கிஸ்பைசாவுக்கு வந்துவிட்டது. பட்லர் என்பவரின் பெயரைத் தாங்கியதால் ‘பட்லரி’ என்ற அதன் இரண்டாம் சொல் மாறவில்லை.

பழைய பெயர் தப்பா என்று கேட்ட மாணவிக்கு என் பதில் இது. க்மெலின் வல்லூற்றை ஃபால்கோவில் வைத்தார். இன்று ஃபால்கோ என்பது பைரி போன்ற ஃபால்கன்களுக்கு மட்டுமான பேரினம். அந்தப் பைரி, வல்லூற்றைவிடக் கிளிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று 2008இல் வந்த பெரிய மரபணு ஆய்வு காட்டியது. க்மெலினுக்கு அதை அறிய வழியே இல்லை. ஒவ்வொரு காலத்திலும் கையில் இருந்த சான்று எதைச் சொன்னதோ அதைப் பெயராக எழுதினார்கள், அடுத்த சான்று வந்தபோது பெயரைத் திருத்தினார்கள். திருத்த மறுத்திருந்தால்தான் தப்பு. ‘பேடியஸ்’ என்ற வேர் 1788 முதல் விடாமல் தொடர்வதால், எந்தக் காலத்துப் புத்தகத்தை எடுத்தாலும் அது பேசுவது இந்தப் பறவையைத்தான் என்று இன்றும் கண்டுபிடித்துவிட முடிகிறது. பரீட்சையில் எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: புதுப் பெயரை எழுதி, முன்னாளில் அக்சிபிட்டர் பேடியஸ் என்று பக்கத்தில் குறியுங்கள். பறவைக் குறிப்பேட்டிலும் அப்படியே.

இந்த விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. எளிதில் கண்ணில் படாத பறவைகளின் மரபணுவை இன்று பல ஆய்வுகள் எடுப்பது உயிருள்ள பறவையில் இருந்து இல்லை. அருங்காட்சியகங்களில் நூறு ஆண்டுகளுக்கு முன் பாடம் செய்து வைத்த பறவையின் கால்விரல் அடித்தோலில் ஒரு சிறு துணுக்கை வெட்டி, அதிலிருந்து எடுக்கிறார்கள். அந்தப் பறவை எந்த ஊரில், எந்த ஆண்டில் கிடைத்தது என்ற சீட்டு கூடவே இருந்தால் அதன் மதிப்பு பல மடங்கு. நம் ஊர்க் கல்லூரிகளில் இப்படிப்பட்ட பழைய சேகரிப்புகள் நிறைய இருந்தன. நான் பார்க்கவே ஒரு கல்லூரியில் கட்டடம் மாற்றியபோது, பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லி ஓர் அலமாரிப் பறவைகளை மொத்தமாகக் குப்பையில் கொட்டினார்கள். சீட்டுகளைக்கூட எடுத்து வைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வல்லூற்றைச் சுட்டுப் பாடம் செய்ய யாருக்கும் உரிமையில்லை, அது நல்லதே. அதனால்தான் இருப்பதைக் காப்பாற்றுவது இன்னும் முக்கியம்.

விலங்கியல் துறைகளில் வேலை பார்ப்பவர்களையும், அந்தக் கல்லூரிகளில் படித்தவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலமாரியில் பழைய பறவை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இடம் இல்லையென்றால் மாநில அருங்காட்சியகத்துக்கோ, பறவைகளை ஆராயும் நிறுவனம் ஒன்றுக்கோ எழுதிக் கேளுங்கள். புதுப் பெயரை எழுதி ஒட்டும்போது பழைய சீட்டைக் கிழிக்காமல், அதற்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஊர்ப்பெயரும் தேதியும் அந்தப் பழைய சீட்டில்தான் இருக்கும்.